உன் போன் சொன்ன உயரம்

அருண் கண்ணு,

இதை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அனுப்பினால் ஓட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அந்த வேகத்தில்தான் இதை நீ படிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அப்பா சொல்லும் புத்திமதியாக இருக்கும் என்று நினைத்து உறையைப் பிரித்திருந்தால், இது அது இல்லை. நந்தினி நல்ல பெண். அவளோடு எப்படி வாழ வேண்டும் என்பதை என்னைவிட உன் அம்மா நன்றாகச் சொல்லுவாள். நான் எழுதுவது நம் கட்டடத்தின் ஐந்தாம் மாடியைப் பற்றி. இதை நந்தினிக்கும் படித்துக் காட்டு. அவளிடம் நீ எவ்வளவு சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் அடித்த பத்திரிகைகள் போன வாரம் வந்து சேர்ந்தன. முதல் பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அம்மா சாமி முன்னால் வைத்தாள். இரண்டாவதை எடுத்து என் கையில் கொடுத்தாள். "மேல போய்க் குடுத்துட்டு வாங்க. அவங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?" என்றாள். நான் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

மராத்தி பேசும் இந்தச் சிஞ்ச்வட்டுக்கு நாம் குடிவந்த புதிதில், இந்தக் கட்டடத்தில் நம்மோடு முதலில் பேசியது ஐந்தாம் மாடி ஜாதவ் குடும்பம்தான். ஜாதவ் அப்போது போசரியில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். அவர் மகன் ஓம்காருக்கு உன் வயது. அவரைச் சித்தப்பா என்ற அர்த்தத்தில் காகா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தால் நீ "காக்கா" என்பாய். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் நான் அவரிடம் சொன்னபோது, அவர் கறுத்த கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் கூப்பிடறான், அண்ணா" என்றார். என்னைவிட இரண்டு வயது பெரியவர், ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊரில் நம் பக்கத்து ஆட்கள் எல்லோருமே அண்ணாதான். நீயும் ஓம்காரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே காலேஜ், பிறகு ஹிஞ்சேவாடியில் ஒரே கம்பெனி. எந்த வீட்டில் சாப்பிட்டாய், எந்த வீட்டில் தூங்கினாய் என்று நாங்கள் கணக்கு வைத்ததில்லை.

காலேஜ் படிக்கும்போது கிளைடர் மைதானத்துக்கு உன்னை இழுத்துப்போனது ஓம்கார்தான். இன்ஜின் இல்லாத விமானம் என்று நீ வந்து சொன்னபோது அம்மா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். பட்டம் விடுவதுபோலக் கம்பியில் கட்டி இழுத்து மேலே விடுவார்கள், அப்புறம் காற்றுதான் என்றாய். வெயிலில் சூடான காற்று மேலே எழும் இடத்தைக் கண்டுபிடித்து அதில் வட்டமடித்தால் ஏறலாம். கிடைக்காவிட்டால் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பயந்துகொண்டே நானும் ஜாதவும் ஒரு நாள் வந்து பார்த்தோம். சத்தமே இல்லாமல் நீங்கள் தலைக்கு மேல் சுற்றியதைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் அது உங்களைவிடப் பெரிய பைத்தியமாகிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நீங்கள் போனை விமானக் கணினியாக மாற்ற ஆரம்பித்தீர்கள். யாரோ இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருந்த ஆப்பை எடுத்து, கம்பெனி வண்டியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட நேரமெல்லாம் அதைத் திருத்தினீர்கள். காற்றழுத்தத்தை அளக்கத் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்து ப்ளூடூத்தில் போனோடு இணைத்தாய். காரில் போன் மாட்டும் ஹோல்டரையே விமானத்துக்குள் ஒட்டினாய். மைதானத்தில் வைத்து எங்களுக்குக் காட்டியபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. "இந்த நம்பர் பாருப்பா. இப்போ இருக்கற ஹைட்ல இருந்து நேரா கிரவுண்டுக்குத் திரும்பினா, போய்ச் சேரும்போது எவ்வளவு ஹைட் மிச்சம் இருக்கும்னு சொல்லும். காத்து, பிளேன் எவ்வளவு தூரம் மிதக்கும், எல்லாம் சேத்துக் கணக்குப் போடும். ப்ளஸ்ல இருந்தா வீட்டுக்கு வரலாம். மைனஸ்னா கீழ வயல் தேடணும்." ஜாதவ் சந்தேகத்தோடு, "போன் அணைஞ்சு போச்சுன்னா?" என்று கேட்டார். ஓம்கார் உன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "அருண்கிட்ட கேட்டுக்குவேன்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

ஆஸ்திரேலியாவுக்கு லீவு போட்டுவிட்டுப் போனீர்கள். தட்டையான நிலம், நல்ல வெயில், நாள் முழுக்கப் பறக்கலாம் என்றீர்கள். வாடகைக்கு ஒரே மாதிரி இரண்டு விமானங்கள் கிடைக்கவில்லை. உனக்கு நீள இறக்கை வைத்தது, ஓம்காருக்குக் குட்டை இறக்கை வைத்த பழையது. இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. விமானங்களிலேயே இருப்பிடத்தைக் காட்டும் தனிப் பெட்டி இருந்ததால் நீங்கள் எங்கே பறக்கிறீர்கள் என்று இங்கிருந்தே பார்க்க முடிந்தது. உங்கள் சாயங்காலம் எங்களுக்குக் காலை. ஜாதவ் கீழே இறங்கி வந்துவிடுவார், அவர் மனைவி காகூ டப்பாவில் அவல் உப்புமா மாதிரியான போஹே கொடுத்து அனுப்புவார், உன் அம்மா காபி போடுவாள். டிவி திரையில் நீலப் புள்ளி நீ, சிவப்புப் புள்ளி அவன். இரண்டு கிழவர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோலக் கத்திக்கொண்டிருப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் புள்ளி மைதானத்துக்கு வந்து நின்றது. ஓம்காரின் புள்ளி கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது. ஜாதவ் கைதட்டினார். "உதர்லா பகா! ஷேதாத் உதர்லா!" என்று சிரித்தார். இறங்கிட்டான் பாருங்க, மறுபடியும் வயல்ல இறங்கிட்டான்! வயலில் இறங்கியவன், வண்டி கொண்டுவந்து மீட்டுப் போகிறவனுக்கு ராத்திரிச் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்பது உங்கள் பழக்கம். "இன்னைக்கு அருணுக்கு விருந்து" என்று போனில் காகூவிடம் சொன்னார். இன்னொரு கரண்டி போஹே போட்டுக்கொண்டார். அவர் அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் என் போன் அடித்தது. நீ எடுத்த எடுப்பில், "அப்பா, காகா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டாய். நான் பால்கனிக்குப் போனேன். நீ சொல்லி முடித்த பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கும் ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் உன் அம்மாவிடம் இன்னொரு காபி கேட்டுக்கொண்டிருந்தார். அருண், நான் திரும்பித்தான் ஆகவேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

ஓம்காரின் உடலைக் கொண்டுவந்தபோது நீயும் வந்தாய். ஏர்போர்ட்டில் இருந்து நம் காரில் நாம் இருவர் மட்டும் வந்தோம். அப்போதுதான் நீ நடந்ததைச் சொன்னாய். கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் அடித்து ஓம்காரின் போன் சூடேறி அணைந்துவிட்டது. ரேடியோவில் உன்னைக் கேட்டான். உன் போன் ப்ளஸ் நூற்றைம்பது மீட்டர் என்று காட்டியது. நீ மராத்தியில், "யே ரே, போச்தோய் ஆபண்" என்றாய். வாடா, நாம போய்ச் சேர்ந்துடுவோம். அவன் உனக்குப் பின்னால், உன்னைவிடத் தாழ்வாக வந்துகொண்டிருந்தான். அவனுடையது அவ்வளவு தூரம் மிதக்கக்கூடிய விமானமும் இல்லை. அது உனக்குத் தெரியும்; சொன்ன அந்த நொடியில் மட்டும் தோன்றவில்லை. அவன் இறங்குவதற்கு வசதியான வயல்களையெல்லாம் தாண்டி உன் பின்னாலேயே வந்தான். கடைசியில் உயரம் தீர்ந்துபோய், மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன இடத்தில் இறங்கத் திரும்பியபோது இறக்கை மரத்தில் இடித்து விமானம் விழுந்துவிட்டது. "என் நம்பரை அவனுக்குக் குடுத்துட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

எனக்கு அப்போது வேறொரு மழைநாள் ஞாபகத்துக்கு வந்தது. நீ சின்னவன். கோயம்புத்தூருக்குக் காரில் போகிறோம். வழியில் ஒரு தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. முன்னால் ஒரு லாரி இறங்கி அக்கரை ஏறியது. "லாரி போகுதல்ல, நாமளும் போயிரலாம்" என்று சொல்லி நான் வண்டியை இறக்கினேன். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டது. கரையில் நின்றவர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். அம்மா உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாள். லாரியின் உயரம் வேறு, நம் கார் உயரம் வேறு என்பது எனக்கு மட்டும் தெரியாதா என்ன? அன்றைக்கு நாம் பிழைத்தோம். பிழைத்ததால் அதை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை உனக்குக் காரில் அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "இதை மேல சொல்லாத கண்ணு. அவங்களுக்கு இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றேன். நீ தலையாட்டினாய். காரியங்கள் முடிந்ததும் ஜெர்மனிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய். அதன் பிறகு நீ இந்தக் கட்டடத்துக்கு வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏன் போனை எடுப்பதில்லை என்று பலமுறை கேட்டிருக்கிறாய். வாக்கிங் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாதவ் வருவார். அந்த விமானத்தில் இருந்த பெட்டியின் பதிவை அங்கிருந்தவர்கள் அவருக்கு அனுப்பிவைத்தார்கள். அதைத் திறந்து பார்க்க அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் கொண்டுவந்தார். நீ செய்த ஆப் என் பழைய போனில் இருந்தது. அதில் ஏற்றிக் கொடுத்தேன். விரலால் தள்ளினால் அவன் பறந்த பாதை முழுதும் மறுபடி ஓடும், உயரத்தோடு. முதல் நாள் ஒருமுறை பார்த்தார். அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை. முன்பு புள்ளிகளைப் பார்த்துக் கத்தின அதே சோபாவில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம். அவர் எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்துவார். கீழே அறுவடை முடிந்த வயல்கள், வரிசையாக, எத்தனை விமானம் வேண்டுமானாலும் இறங்கலாம். "இங்க ஏன் இறங்கலை அண்ணா? எவ்வளவு நிதானமான பையன். இங்க ஏன் இறங்கலை?" என்பார். நான் பதில் தெரிந்தவன். காபி ஆறுது, குடிங்க என்பேன்.

உடம்பு சரியில்லாமல் போயிருக்குமோ என்று டாக்டரிடம் கேட்டார். தண்ணீர் குடிக்க மறந்திருப்பானோ என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இரக்கத்தில்தான் அப்படிச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நாள் ஒரு மனிதர் ஒரே கேள்வியைக் கேட்பார், மெல்ல அடங்கிவிடும் என்று நினைத்தேன். அது அடங்கவில்லை. உள்ளே போய் வேறொரு பதிலைத் தேடிக்கொண்டது.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அலமாரியில் பத்திரிகையைப் பார்த்துவிட்டார். அவரே எடுத்துப் பிரித்தார். தமிழ் தெரியாது, ஆனாலும் உன் பெயர் எது என்று கேட்டு அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுக்காமலேயே பேச ஆரம்பித்தார். "எனக்கு இப்போ தெரிஞ்சுபோச்சு அண்ணா, அவன் ஏன் இறங்கலைன்னு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒருதடவை வயல்ல இறங்கினான் இல்லையா? போன்ல நான் கிண்டல் பண்ணேன். என் அப்பா வயலை விட்டு ஓடி வந்து பட்டறையில சேர்ந்தார், நீ பிளேன்ல ஏறி மறுபடி வயலுக்கே போறியாடான்னு கேட்டேன். அவன் சிரிச்சான். ஆனா மனசுல வெச்சுக்கிட்டான். மறுபடி வயல்ல இறங்கினா அப்பா கேலி பண்ணுவார்னுதான் அவன் இறங்கலை. நான்தான் அண்ணா. என் வாய்தான்." இதை அழாமல் சொன்னார். எப்போதோ முடிவாகிப்போன ஒரு விஷயத்தை எனக்குத் தெரிவிப்பதுபோலச் சொன்னார்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. உன்னைக் கேட்காமல் சொன்னேன். போன் அணைந்தது, ரேடியோவில் கேட்டது, நீ சொன்னது, எல்லாம். முடிந்ததும், "எந்த பாஷையில சொன்னான்?" என்றார். மராத்தி என்றேன். "என்ன வார்த்தை?" நீ சொன்னபடியே சொன்னேன். "ஆபண்" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நம் தமிழில் நாங்கள் என்பது வேறு, நாம் என்பது வேறு. அவர்கள் மொழியிலும் அப்படித்தான். ஆபண் என்றால் கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டு சொல்வது. போன் போட்டது உன் ஒருவனுக்கான கணக்கு. சின்ன வயதில் இருந்து நீ எதையும் அவனை விட்டுவிட்டுத் தனியாகச் சொல்லிப் பழகவில்லை. அதையெல்லாம் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்துவிட்டார். காபி டம்ளரைச் சமையலறைக்கு எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நம் வீட்டில் அவர் டம்ளரைக் கழுவியதே இல்லை, அருண். உன் அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "இனி வரமாட்டாருங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்து லிஃப்டில் எதிரில் வந்தார். கதவு மூடியதும் என்னைப் பார்த்தார். "அவன் சின்னப் பையன். அவசரத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டான். நீங்க? இத்தனை ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே. ஒவ்வொரு தடவையும் நான் கேட்டேனே!" என்றார். நம் மூன்றாம் மாடி வந்தது. கதவு மூடாமல் கையை வைத்துத் தடுத்துக்கொண்டு, "அருணை வரச் சொல்லுங்க. என் முன்னால உக்காந்து அவன் வாயால சொல்லட்டும். கல்யாணத்துக்கு முன்னாடி. அப்புறம் வேண்டாம்" என்றார். வருவார்களா, வாழ்த்துவார்களா என்று நான் கேட்கவில்லை. பத்திரிகை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

அதிலிருந்து நான் லிஃப்டில் ஏறுவதில்லை. முழங்கால் வலியோடு படியில் ஏறி இறங்குகிறேன். இத்தனை வருஷம் எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே நண்பர். தமிழ்ச் சங்கம், கோயில் கமிட்டி எல்லாம் உண்டுதான். ஆனால் எனக்கு நெஞ்சுவலி வந்தபோது ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது அவர். அவருக்கு நான் செய்தது இது. உன்னை வாயை மூடச் சொல்லி, உன்னையும் ஊரைவிட்டு விரட்டினேன். உன் மேல் பழி வரக்கூடாது என்று பார்த்தேன். அந்தப் பழியை அவர் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். இப்போது உண்மை தெரிந்த பிறகாவது அந்தக் கிண்டலை அவர் மறந்துவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. காகூ உன் அம்மாவிடம் சொன்னாராம்: "ரெண்டும்தான்னு சொல்றார், ரெண்டும் சேர்ந்துதான்னு சொல்றார்." நான் சொன்னதால் அவர் சுமை குறையவில்லை. கூடித்தான் போயிருக்கிறது. சொல்லாமல் இருந்திருந்தாலும் கூடித்தான் இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு இறங்க இடம் தெரியவில்லை.

அதனால் உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நீ வர வேண்டும். கோயம்புத்தூருக்கு நேராகப் போகாமல் முதலில் இங்கே வா. ஐந்தாம் மாடிக்குத் தனியாகப் போ. நான் கூட வர முடியாது, அந்த வீட்டுக்குள் போகும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. உட்கார்ந்ததும் மன்னிப்புக் கேட்டுவிடாதே. அது அவரைப் பதில் சொல்ல வைக்கும். என்ன நடந்ததோ அதை மட்டும் வரிசையாகச் சொல். அவர் போனை எடுத்து முன்னால் வைத்து எந்த இடம் என்று கேட்பார். காட்டு. எத்தனை தடவை கேட்டாலும் காட்டு. காகூ சாப்பிடச் சொன்னால் சாப்பிடு. சொல்லாவிட்டால் அதையும் தாங்கிக்கொள். அவர் உன்னை அடித்தால் அடி வாங்கிக்கொள். அவர் ஒன்றுமே பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லித்தர நானே அதைக் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஓம்கார் இல்லாத வீடு அப்படியேதான் இருக்கும். நீ மேடையில் உட்கார்ந்திருக்கும்போது மாப்பிள்ளைத் தோழனாக அவன் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வேறு யாராவது நிற்பார்கள். அதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்போம். உனக்கு ஒரு மகன் பிறந்து அவன் உன்னிடம் பறப்பதைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனாலும் வா, கண்ணு.

டிக்கெட் போட்டதும் அம்மாவிடம் சொல். நீ வருகிற நாளைத் தெரிந்துகொண்டு நான் படியேறிப் போய் ஜாதவிடம் சொல்லிவிட்டு வருகிறேன். அவர் கதவைத் திறக்காவிட்டால் வெளியில் நின்றே சொல்லுவேன்.

அப்பா